மீன் தெரிகிறது, ஆறு தெரிகிறதா?

பாபநாசம் பக்கம் மழையில்லாத மாதங்களில் தாமிரபரணி தெளிந்து கிடக்கும். செல்போனை நீர்புகா உறைக்குள் போட்டுக்கொண்டு மீனைப் படமெடுக்க இறங்குபவர்கள் மேலே அணை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால், வானத்தில் மேகமே இல்லாமல் ஆறு ஏறும். இறங்குமுன் கரையில் துவைத்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள்: "அண்ணாச்சி, தண்ணி எப்பத் திறப்பாவ? ஆழமான கசம் எங்க இருக்கு?" எந்தச் செயலியும் அதைச் சொல்லாது.

கரையிலிருந்து பார்த்தால் எட்டடி ஆழம் ஆறடியாகத்தான் தெரியும், ஒளிவிலகலின் வேலை. அதைவிடப் பொல்லாதது தடுப்பணையின் அடிவாரம். விழுந்த தண்ணீர் புரண்டு மறுபடி அணையை நோக்கியே வரும். அதில் சிக்கியவரை நீச்சல் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. படத்துக்கு எடுப்பான நுரையும் அங்கேதான் இருந்து தொலைக்கிறது.

கூட வந்தவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ வேட்டியோ காலி கேனோ வீசுங்கள், 108ஐ அழையுங்கள். கரையேற்றியபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது சினிமா வைத்தியம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். இதை ஒருநாள் முறையாகப் பழகிக்கொள்வது நல்லது.

ஆறு யாருக்குச் சொந்தம்? ஆறு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர்தான் என்று கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. அதற்காக எங்கும் இறங்கிவிட முடியாது. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். செக்போஸ்ட்டில் விட்டார்கள் என்பதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

கரையில் நிற்பவர் கண்ணில் படாத கழிவுக் குழாயின் வாய், நீருக்குள் இருப்பவரின் கேமராவில் சிக்கலாம். அந்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் நகலில் இடம், நேரம் பற்றிய தகவல் உதிர்ந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசைவில்லை என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ஆற அமரப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

வீடு திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமாக "ஆத்துல இறங்கினேன்" என்று சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் நினைக்க அது போதும்.