வஸிய்யத்: எழுதி வைத்துவிட்டீர்களா?



'என் காலத்திற்குப் பின் மதரஸாவுக்கு ஏதேனும் சேர வேண்டும்' என்று சொல்லும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் பலர் உண்டு. அதனை எழுதி வைத்தவர்களோ சிலரே. சொன்னவர் கப்ரில் அடங்கிய பின், 'வாப்பா சொன்னார்கள்' என்பார் ஒரு பிள்ளை. 'என்னிடம் சொல்லவில்லையே' என்பார் மற்றொருவர். நன்மையாக மலர வேண்டியது குடும்பப் பிணக்காக முடிகிறது.

வஸிய்யத் செய்வதற்குரிய பொருளை உடைய ஒரு முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஹஜ்ஜத்துல் விதாவின்போது ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றார்கள். செல்வமோ மிகுதி, வாரிசாக இருந்தது ஒரே மகள். மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்யட்டுமா என்று வினவினார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். பாதியைக் கேட்டபோதும் மறுப்பே. மூன்றில் ஒன்றுக்கு இசைந்த அண்ணலார், அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச் செல்வதே மேல் என்றும் உணர்த்தினார்கள்.

இந்த மூன்றில் ஒன்று மொத்தச் சொத்திலிருந்து கணக்கிடப்படுவதன்று. முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்துக் கடன்கள். மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடனே. ஒருவர் விட்டுச் சென்றது 15 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். அடக்கச் செலவு 20 ஆயிரம். கடனும் மஹரும் 2 லட்சத்து 80 ஆயிரம். எஞ்சுவது 12 லட்சம். வஸிய்யத்தின் எல்லை 4 லட்சம். மீதி 8 லட்சம் வாரிசுகளுக்கு. எல்லையை மீறி எழுதியிருந்தால், அவர் மறைந்த பின் வாரிசுகள் மனமொப்பினால்தான் மிகுதி செல்லும்.

யாருக்குக் கொடுக்கலாம்?

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. ஆனால் வாரிசாகாத உறவினரும் உண்டு. தந்தையை இழந்த பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டனாரின் வேறு ஆண்மக்கள் உயிருடனிருந்தால், பங்கு கிடைப்பதில்லை. எகிப்து நாடு 1946-இல் இத்தகைய பேரர்களுக்கான வஸிய்யத்தைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது. நாமோ நம் கையாலேயே அந்த யத்தீம்களுக்கு எழுதி வைக்கலாம். அவர்களை நினைத்த பிறகு மதரஸாவையும் பள்ளிவாசலையும் ஏழை மாணவரையும் நினைப்போம்.

எழுதுவது எப்படி?

நம் நாட்டில் முஸ்லிமின் வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமன்று. ஆயினும் எழுதுங்கள். நேர்மையான இருவரைச் சாட்சிகளாக வையுங்கள். திருமறையின் 5:106 வசனம் இதனைக் கூறுகிறது. பெறும் நிறுவனத்தின் பெயர், ஊர், பங்கின் அளவு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். உயிருள்ளவரை அதனை மாற்றியெழுத உங்களுக்கு உரிமையுண்டு. நிலத்தை வக்ஃபாக்க விரும்புவோர் முன்னதாக வழக்கறிஞரைக் கலந்துகொள்ளட்டும். 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, வக்ஃபுப் பத்திரம் இன்றியமையாதது.

சகோதரிகளே! உங்கள் நகையும் நிலமும் உங்கள் உடைமை. வஸிய்யத் உங்களுக்கும் உரியதே.

பிள்ளைகளே! பெற்றோரின் வஸிய்யத்தைக் கேட்டபின் மாற்றுவோரையே அதன் பாவம் சாரும் என்று திருமறை (2:181) எச்சரிப்பதை மறவாதீர்கள்.

வஸிய்யத் எழுதினால் மவ்த்து நெருங்கிவிடும் என்று அஞ்சுவோர் சிலர் உண்டு. மரணத்தை எதிர்நோக்கித் தருமம் பற்றிக் கேட்ட ஸஃது (ரலி) அவர்கள், அந்நோயினின்று எழுந்து, காதிஸிய்யாப் போரில் தலைமையேற்று, பல்லாண்டு வாழ்ந்தார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில். எழுதுகோல் நம் கையில்.

வல்ல ரஹ்மான் நம் பொருளை நம் மறுமைக்கும் பயனுள்ளதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.