ஊட்டிக்கு வேன் ரெடியா? பிரேக்கு ரெடியா?

பெருந்துறை,

சனிக்கிழமை ராத்திரி கடையை அடைத்ததும் வேன் கிளம்புகிறது. பின்சீட்டில் புளிச்சோறு, ஸ்வெட்டர், குழந்தைகள். அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டி விடிவதற்குள் கல்லாறு. அப்புறம் மலை. ஞாயிறு சாயங்காலம் இறங்கி, திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும். இந்த அவசரத்தில்தான் எமன் காத்திருக்கிறான்.

9 பேர் பலி

2023 செப்டம்பர் 30. ஊட்டியைப் பார்த்துவிட்டு தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிய சுற்றுலா பஸ், குன்னூர் அருகே மரப்பாலத்தில் கிடுகிடு பள்ளத்தில் பாய்ந்தது. 9 பேர் பரிதாபமாக இறந்தனர்.

2018 அக்டோபரில் ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கிய சென்னை கார் ஒன்று கல்லட்டி மலைப்பாதையில் உருண்டது. 2 நாள் கழித்துத்தான் விஷயமே தெரிந்தது! 7 பேரில் 5 பேர் பிணமாகக் கிடந்தனர். 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்த ரோட்டில் வெளியூர் வண்டிகள் இறங்க அதன்பிறகு தடை போட்டார்கள்.

இரண்டு வண்டியும் விழுந்தது மலை இறங்கும்போதுதான்.

ஏன் பிடிக்காது?

இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் லைனிங்கும் கொதிக்கும். பிரேக் ஆயிலும் சூடேறும். கடைசியில் பெடல் 'பொதுக்'கென்று உள்ளே போகும். வண்டி நிற்காது.

"எந்த கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கோணும்" என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைப்பதும் தற்கொலைக்குச் சமம். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரை, தூங்கவிடாமல் மறுபடி ஓட்டச் சொல்லக்கூடாது.

இ-பாஸ் கட்டாயம்

ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6 ஆயிரம், சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி தரப்பட்டது. அரசு பஸ்சில் போனால் பாஸ் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போனால் செக்போஸ்ட்டில் பறிமுதல்தான். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப்பாதை போடுவது வழக்கம்.

ரெயிலைப் பாருங்க!

1899-ல் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை மலை ரெயில் ஓடத் தொடங்கியது. 1908-ல் ஊட்டியை எட்டியது. கல்லாறுக்கு மேல் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு போகிறது. ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அதுவும் போதாதென்று பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நிற்கிறார்.

நம்ம வேனிலோ இருப்பது ஒரே டிரைவர், ஒரே பிரேக். அந்த ஒரு காலை நம்பித்தான் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. கிளம்பும் முன் ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்க. பெட்டாவும் பூங்காவும் எங்கேயும் ஓடிப்போகாது!