கொடுவா, கோடா?



ஜப்பானியக் கலைஞர்கள் தூரிகையால் ஒரே ஓர் எழுத்தை எழுதி, அதையே ஓவியமாக மாட்டி வைப்பதுண்டு. இழுத்த கோட்டைத் திருத்துவதில்லை. எழுதியவரின் உள்ளம் அந்தக் கோட்டில் தெரியும் என்பார்கள்.

நம் தமிழிலும் ஒரு சிறு கோட்டுக்குள் பெரும் பொருள் உண்டு. 'அம்பத்தூர் ஏரி' என்று எழுதும்போது 'ஏ'யின் கீழ்க்கோட்டை விட்டுப் பாருங்கள். 'எரி' ஆகிவிடும்; நீர் நெருப்பாகிவிடும்!

முற்காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைத்தார்கள். ஓலைச்சுவடியில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. குறிலா, நெடிலா என்று படிப்பவர்தாம் ஊகிக்க வேண்டும். 1680-இல் இத்தாலியில் பிறந்து, நம் மண்ணில் மறைப்பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். 'ஏ', 'ஓ' என்ற இன்றைய வடிவங்களும், நெடிலுக்குரிய இரட்டைக் கொம்பும் அவருடைய சீர்திருத்தமே.

அந்தக் கொம்பு மாறினால் 'கொடு' என்பது 'கோடு' ஆகிவிடும். 'கொடுங்கள்' என்பது ஆண்டவரின் கட்டளை (லூக்கா 6:38). நாமோ சாதியின் பெயரால் கோடு போடுகிறோம். ஒரே அப்பத்தை உண்டவர்களைக் கல்லறைத் தோட்டத்திலும் கோடு கிழித்துப் பிரிக்கிறோம். முனிவர் இட்ட குறி குழப்பம் தீர்த்தது. நாம் இடும் கோடு உறவை அறுக்கிறது.

ஓவியனின் கோட்டைத் திருத்த முடியாது. நம் கோட்டை அழிக்க முடியும். இன்று நம் வாழ்வு எழுதுவது 'கொடு'வா, 'கோடா'? சிந்திப்போம்.