மரங்கள் பெய்யும் மழை: ஓமன் பாலையில் ஓர் அருவி

ஜூலை மாத மஸ்கட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் சாலை, பெரும்பகுதியும் நிழலுக்கு ஒதுங்க மரமில்லாத கல்பாலை வழியாகவே செல்கிறது. கடைசியில் வரும் சிற்றூர் தும்ரைத். அங்கும் அதே அனல்தான். அதைத் தாண்டியதும் சாலை மெல்ல மலையேறுகிறது. முகட்டைக் கடந்து தெற்கே இறங்கத் தொடங்கிய சில கிலோமீட்டருக்குள் கார்க் கண்ணாடியில் ஈரம் படிகிறது. விளக்குப் போடாமல் ஓட்ட முடியாத அளவுக்கு மூடுபனி. இருபுறமும் பச்சைப் புல்வெளி, அதில் மேயும் மாடுகள், ஒட்டகங்கள். கீழே சலாலா நகரில் வெப்பநிலை 26, 27 டிகிரி.

இது ஓமன் நாட்டின் தென்கோடியிலுள்ள தோஃபார் மாகாணம். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரையிலான இந்தப் பருவத்தை அங்கே ‘கரீஃப்’ என்கிறார்கள். வளைகுடா நாடுகள் முழுவதிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து குவிகிறார்கள். மஸ்கட்டிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம்மவர்களும் விடுமுறை கிடைத்தால் சலாலாவுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். அத்தும், கோர் போன்ற ஊற்றுகளும் அருவிகளும் மலையடிவாரம் நெடுக இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள தர்பாத் அருவி. நல்ல சாரல் பெய்த ஆண்டில், ஏறத்தாழ நூறு மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவரின் பல இடங்களில் தண்ணீர் ஒரே நேரத்தில் விழும்.

சலாலா நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீட்டரை ஒட்டியதே. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் கொட்டிவிடும் அளவு அது. அப்படியானால் இந்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கோடையில் குளிரும் கடல்

குற்றாலத்தில் சாரல் தூவ வைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் தோஃபாரிலும் வீசுகிறது. நிலநடுக்கோட்டைக் கடந்து சோமாலியக் கரையை ஒட்டித் திரும்பும் இந்தக் காற்று, அரபிக்கடலின் மேல் தாழ்வாகவும் அசுர வேகத்திலும் பாய்கிறது. 1969இல் இதை விரிவாக விளக்கிய ஆய்வாளரின் பெயரால் வானிலையாளர்கள் இதை ‘ஃபிண்ட்லேட்டர் ஜெட்’ என்கிறார்கள்.

ஓமன் கரைக்கு ஏறக்குறைய இணையாக வீசும் இந்தக் காற்று கடலின் மேல்நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அப்படித் தள்ளப்படும் நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகும். தோஃபாரில் வலப்புறம் என்றால் ஆழ்கடல். மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்ப அடியாழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. மே மாதத்தில் வெதுவெதுப்பாக இருந்த கரையோரக் கடல் ஜூலைக்குள் பல டிகிரி குளிர்ந்துவிடுகிறது. கீழிருந்து வரும் நீரில் சத்துகள் நிறைந்திருப்பதால் மீன்வளமும் பெருகுகிறது. தோஃபார் மக்கள் மத்தி மீனைக் காயவைத்து மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகவே போடுகிறார்கள்.

ஈரம் சுமந்த காற்று இந்தக் குளிர்ந்த கடலின் மேல் வரும்போது நீராவி குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்தப் பனி கரையேறி கரா மலைத்தொடரில் போய் முட்டுகிறது. அதே நேரம் வடக்கே ரூப் அல் காலி பாலையிலிருந்து வரும் உலர்ந்த வெங்காற்று, இந்தக் குளிர்காற்றுக்கு மேலே பானைக்கு மூடி போட்டதுபோலப் படர்ந்துகொள்கிறது. சுமார் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மேகம் எழும்ப முடியாது. மேற்குத்தொடர்ச்சி மலையில் மேகம் பல கிலோமீட்டர் உயரம் வளர்ந்து கனமழையாகக் கொட்டுவதற்கும், தோஃபாரில் மூன்று மாதமும் வெறும் தூறலாகவே நிற்பதற்கும் காரணம் இந்த மூடிதான்.

இலை பிடித்துத் தரும் நீர்

மூடுபனியின் ஒரு துளி, பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு பருமன்தான் இருக்கும். அவ்வளவு சிறிய துளி தானாகத் தரையில் விழாது. காற்றோடு பக்கவாட்டில் மிதந்து போய்விடும். அதைத் தடுத்து நிறுத்த ஏதாவது குறுக்கே நிற்க வேண்டும். அந்த வேலையை மரம் செய்கிறது.

கரீஃப் காலத்தில் ஒரு மரத்தடியில் சற்று நேரம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். இலையின் ஓரத்தில் நுண்துளிகள் ஒட்டுகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. இலை நுனிக்கு உருண்டு வந்து சொட்டுகின்றன. சில கிளைகளில் நீர் பட்டை வழியாக வழிந்து தண்டுக்கு இறங்குகிறது. பத்தடி தள்ளி வெட்டவெளியில் மண் லேசாக நனைந்திருக்கும். மரத்தடியிலோ சொதசொதவென்று சேறு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆங்கே ஹில்டெப்ராண்ட், எல்ஃபாத்தி எல்தாஹிர் ஆகியோர் இந்தக் காட்டை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாலைச் செடிகளே பிழைக்கக்கூடிய வறட்சியில் இலையுதிர் மரங்கள் காடாக நிற்பதற்குக் காரணம், மரங்கள் மேகத்திலிருந்து தாங்களே தண்ணீர் பிடித்துக்கொள்வதுதான் என்பது அவர்கள் கண்டது. உயரம் குறைந்த புல்லாலும் புதராலும் அந்த அளவுக்குப் பிடிக்க முடியாது. தோஃபாரையும் அதை ஒட்டிய ஏமன் மலைகளையும் தவிர வேறெங்கும் காடாக வளராத ‘அனோகீசஸ் தோஃபாரிகா’ இந்த வேலையில் முன்னிற்கும் மரம்.

மலை முகட்டுக்கு அந்தப்பக்கம் பனி போவதில்லை. அங்கே, வறண்ட வடசரிவில்தான் உலகப் புகழ்பெற்ற குந்திரிக்க மரங்கள் நிற்கின்றன. ஒரே மலையின் இரு பக்கங்கள் இரண்டு நாடுகள்போல வேறுபட்டுக் கிடக்கின்றன.

கல்லைக் கரைத்து, கல்லைக் கட்டி

மரத்தடியில் இறங்கிய நீர் சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் நுழைகிறது. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்அமிலமாக மாறிய அந்த நீர், போகும் வழியெல்லாம் கல்லை அரிக்கிறது. தோஃபார் மலையில் குகைகளும் பெருங்குழிகளும் நிறைந்திருப்பது அதனால்தான். தாவி அத்தைர் என்ற பெருங்குழியின் ஆழம் 200 மீட்டருக்கு மேல். இப்படி உள்ளே போன நீர்தான் அடிவாரத்தில் ரஸாத் போன்ற வற்றாத ஊற்றுகளாக வெளிவருகிறது.

தர்பாத்தில் இந்தக் கதையின் மறுபாதி நடக்கிறது. சுண்ணாம்பு கரைந்த நீர் பாறையில் மோதிச் சிதறும்போது கரியமில வாயு காற்றில் கலந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிகிறது. பாசியின் மேலும் வேரின் மேலும் ஏடு ஏடாகப் படிந்து இறுகும் இந்தக் கல்லுக்கு டிராவர்டைன் என்று பெயர். தர்பாத் அருவி விழும் அந்தப் பிரம்மாண்டமான சுவர் முழுக்க இப்படி உருவானதுதான். இந்தச் சுவரைக் கட்டும் அளவுக்குத் தண்ணீர் ஓடிய ஈரமான காலங்கள் அரேபியாவுக்கு இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று அந்த அளவு தண்ணீர் ஆண்டுதோறும் வருவதில்லை. சாரல் பொய்த்த ஆண்டில் சுவர் காய்ந்தே கிடக்கும். புயல் வந்தால் கதை வேறு. 2018 மே 25 அன்று மெகுனு புயல் சலாலா அருகே கரையைக் கடந்தபோது, ஓராண்டு மழையைப்போல இரு மடங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. அதன்பின் தர்பாத் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அப்படிப் பாயும் நீரில் பெரும்பகுதி மலைக்குள் இறங்காமல் கடலுக்கே போய்விடும். மலையின் சேமிப்பை நிரப்புவது, மூன்று மாதம் நிதானமாகச் சொட்டும் மரத்தடி நீர்தான்.

கீரன் வந்த துறை

அருவிநீர் சில கிலோமீட்டர் ஓடிக் கோர் ரோரி என்ற கழியில் சேர்கிறது. இன்று மணல்மேடு வாயடைத்துக் கிடக்கும் அந்தக் கழியின் கரையில் சும்ஹுரம் என்ற பழந்துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. குந்திரிக்கம் கப்பலேறிய இந்த இடத்தை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. இங்கே அகழாய்வு செய்த இத்தாலியக் குழு 2006இல் ஒரு பானை ஓட்டைக் கண்டெடுத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. அருவியைத் தரும் அதே பருவக்காற்றுதான் அன்று தமிழக வணிகர்களின் கப்பல் பயண நாட்களையும் முடிவு செய்தது.

போகிறவர்களுக்கு

அருவி பார்க்க ஆகஸ்ட் மாதமே உகந்தது. செப்டம்பர் கடைசியில் பனி விலகி, பசுமை மிச்சமிருக்கும்போது படம் எடுக்க வசதி. மலைச்சாலையில் பனிக்குள் வேகம் கூடாது. வெள்ளம் ஓடும் ஓடையில் வண்டியை இறக்குவது ஓமனில் தண்டனைக்குரிய குற்றம். குற்றால நினைப்பில் தர்பாத் நீரில் இறங்கிவிடாதீர்கள். அங்குள்ள நத்தைகளில் வளர்ந்து, நீரிலிருந்து தோலுக்குள் புகும் ஒட்டுண்ணியால் வரும் பில்ஹார்சியா நோய்க்கு அந்த நீர் இடம் கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புல்லிலும் மரத்தடியிலும் வண்டியை ஏற்றாதீர்கள்; அடுப்பெரிக்கக் கிளை ஒடிக்காதீர்கள். மலையில் கால்நடைகள் பெருகி, இளங்கன்றுகள் தலையெடுக்கும் முன்பே மேய்ச்சலில் அழிகின்றன. மரம் போனால் பனியைப் பிடிக்க ஆளில்லை. பனி பிடிபடாவிட்டால் புதுக் கன்று வேர்விட ஈரமில்லை. ஒருமுறை அழிந்த இடத்தில் இந்தக் காடு தானாகத் திரும்புவது அரிது என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். தர்பாத் அருவியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் வேலி போட வேண்டியது மலைமேல் நிற்கும் மரங்களுக்குத்தான்.