கரிகிரி சொல்லித்தந்த மேய்ப்புப் பணி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, சாவகாசமாகப் பேசலாம். குருசேகரத்தில் வீடு சந்திப்புக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். போகிற வீட்டில் எந்த வசனம் வாசிப்பது, எவ்வளவு நேரம் ஜெபிப்பது என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் தானாக வரும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் விரிஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டி, காட்பாடியைக் கடந்தால் கரிகிரி. அங்கே 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையும், அதற்கு முன்பே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) நடந்த வேலையும், ஒரு மனிதரைக் கவனிப்பது என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கிய அளவுக்கு எந்தப் பிரசங்கமும் விளக்கியதில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொழுநோயைப் பாவத்துக்கு அடையாளமாக்கிப் பிரசங்கிக்கும் பழக்கம் நம் சபைகளில் இன்னும் ஒழியவில்லை. அது தவறு, அந்த நோயோடு வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அது கிருமியால் வருவது. 1982 முதல் கூட்டு மருந்து சிகிச்சை பரிந்துரையில் இருக்கிறது, முழுதாகக் குணமாகும். நான் பேசப்போவது அந்த நோயாளிகளைச் சிலர் கவனித்த விதத்தைப் பற்றி.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி வீட்டுப் பிள்ளை. சிஎம்சிக்கு அறுவை மருத்துவராக 1946-இல் வந்தார். செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். மடங்கிப்போன விரல்களோடு அத்தனை பேர் இருக்க, அந்தக் கைகளைச் சரிசெய்ய எந்த அறுவை மருத்துவரும் முன்வரவில்லை என்பது அவரை உறுத்தியது. அன்றைக்கு எல்லோரும் நம்பியது இதுதான்: தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, புண் ஆறாது, விரல் தானாக அழுகி விழும். பிராண்டும் கூட இருந்தவர்களும் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துக் கண்டது வேறு. சதையில் கோளாறு இல்லை, ஓய்வு கொடுத்தால் புண் ஆறத்தான் செய்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போனதுதான் விபரீதம். துருப்பிடித்த பூட்டைத் திறக்கையில் சாவி விரலை அறுக்கும், தெரியாது. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவார், தெரியாது. காலில் ஆணி ஏறியிருக்கும், நாள் முழுக்க நடப்பார்.

பிறகு மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் என்று ஒரு சிறு கிராமம் அமைத்தார்கள். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடித்தே தீருவது என்று அங்கே முடிவு. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது; இரவில் படுத்தவர் காலையில் விரலில் சதை குறைந்து எழுவதற்கு மட்டும் கிடைக்கவில்லை. கண்விழித்துக் காவல் இருந்தபோது தெரிந்தது: எலி. வலி தெரியாத விரலைக் கடிக்கிறது, தூங்குகிறவர் அசைவதில்லை. அதன்பிறகு ஊருக்குத் திரும்புகிறவர் கையோடு ஒரு பூனையும் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. 'கெட்ட சதை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் பூனை அங்கே வந்திருக்காது. நம் சபையில் ஒருவர் நாலு ஞாயிறு வரவில்லையென்றால் 'விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்' என்கிறோம். அது நம்முடைய 'கெட்ட சதை'. உண்மையில் என்ன இருக்கும்? ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஆறு நாளும் போய்வருகிற பெண்ணுக்குத் துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் இருப்பது அந்த ஒரு காலைதான். இன்னொருவருக்குச் சந்தா பாக்கி; ஆயர் முகத்தில் விழிக்கக் கூச்சம். குழுக் கடனில் தவணை தவறியவருக்கு, அதே குழுவில் இருக்கிற அக்கா பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பார். காரணம் தெரிகிறவரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, வலியை அவர்களே வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. 'நல்லா இருக்கோம் ஐயா' என்பார்கள், அப்படித்தான் நம்பியும் இருப்பார்கள். மனைவி இறந்து எட்டு மாதம் ஆன மனிதர் இரண்டு வேளை சாப்பாடு ஒரு வேளையானதைக் கவனித்திருக்க மாட்டார். தொழுநோய்ப் பணியாளர்கள் பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்வது இதனால்தான். உணர்வற்ற பாதத்தைத் தண்ணீரில் ஊறவைப்பது, காய்த்துப்போன தோலை மெல்லத் தேய்த்து எடுப்பது, ஈரம் காயும்முன் எண்ணெய் தடவுவது, விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் அற்புதம் எதுவும் இல்லை. நாள் தவறாமல் செய்தால் கால் தங்கும், விட்டால் போய்விடும். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும் சடங்கைச் சில சபைகளில் பார்த்திருப்பீர்கள். கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீடர்களின் காலைக் கழுவியது அந்த ஒரு இரவோடு முடிகிற காரியம் இல்லை. நீங்களும் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்யுங்கள் என்று வேலையாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

செருப்பு விஷயத்தை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், தோல் வேலை தெரிந்த ஊர்க்காரர் நீங்கள். உணர்வில்லாத காலுக்கு என்று நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பை இங்கேதான் உருவாக்கினார்கள். உள்ளே மென்மை, அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டலாம், தைக்கலாம். அப்படிக் கவனமாகச் செய்துகொடுத்தும் பலர் போட மறுத்தார்கள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோயாளி என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே மற்றவர் போடும் செருப்பு மாதிரியே தெரியும்படி செய்ய வேண்டியிருந்தது. உதவி அடையாளம் குத்தினால் மனிதர் அதை உதறிவிடுவார். அரிசிப் பை கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். 'இன்னார் மகன் குடிக்கு அடிமையாகியிருக்கிறார், ஜெபியுங்கள்' என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வராது.

நம்மால் முடியாததை முடியாது என்று ஒப்புக்கொள்வதும் பணிதான். தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது என்று யாராவது சொன்னால் உபவாச ஜெபத்தோடு நிறுத்தாமல் பாகாயம் மனநல மையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

இதிலெல்லாம் சீடத்துவம் எங்கே வருகிறது என்று கேட்டால், இங்கேதான். நோயாளியின் பாதத்தை எத்தனை காலம் மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார்? நோயாளி தன் காலைத் தானே பார்க்கப் பழக வேண்டும், பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்லித்தர வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னால் சிஎம்சியில் மறுவாழ்வு மருத்துவத்தையே வளர்த்தெடுத்தார். நீங்கள் சந்திக்கிற வீடு என்றைக்கும் சந்திக்கப்படுகிற வீடாகவே இருந்தால் பணி பாதியில் நிற்கிறது. கணவனை இழந்து நீங்கள் ஆறுதல் சொன்ன அந்த அம்மா, அடுத்த வருடம் இன்னொரு சாவு வீட்டில் உங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வீடு போதும். கம்பெனி வேனில் வந்து இறங்கி, அவர்கள் முகம் கழுவி, சோறு வைக்கிற நேரம் கழிந்த பிறகு போங்கள். வேதாகமம் பையிலேயே இருக்கட்டும். முதலில் கேளுங்கள், அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அடுத்த வாரமும் அதே வீட்டுக்கே போங்கள்.