பல்லுக்கும் உண்டா காப்பீடு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் ஒரு முறை நடந்து பாருங்கள். வீடுகளுக்குள்ளிருந்து தறியோசை வரும். கால் மிதிபலகையை மிதிக்கும். கை நாடாவை ஓட்டும். சிலருடைய வாயோ வெற்றிலைச் சீவலையும் புகையிலையையும் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும். பட்டின் மீது ஒரு துளிக் கறையும் விழாமல் காக்கத் தெரிந்த அவர்கள், தம் வாய்க்குள் படியும் கறையைப் பொருட்படுத்துவதில்லை.

அவர்களை மட்டும் சொல்வானேன்? பல் வலித்தால் நாமும் கிராம்பை வைத்து அடக்குகிறோம். வலி மீண்டும் வந்தால் மாத்திரை. தாங்க முடியாமற்போன பின்னரே மருத்துவரிடம் ஓடுகிறோம். அதற்குள் 'பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை' என்ற நிலை வந்துவிடுகிறது. காரணம் கேட்டால் 'செலவு' என்போம். 'காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே' என்போரும் உண்டு. அந்த அட்டை பல்லுக்கு உதவுமா என்று என்றேனும் பார்த்திருக்கிறீர்களா?

காப்பீடு ஆகுமா, ஆகாதா என்ற வினாவை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். எடுத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், மருத்துவமனையில் 24 மணி நேரமாவது தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. சொத்தையை அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் கட்டுதல் யாவும் நாற்காலியில் அமர்ந்தபடியே முடிந்துவிடுபவை. ஆகவே அவை விலக்குப் பட்டியலில் போய்ச் சேர்கின்றன. விபத்தில் தாடை உடைந்து படுக்கையில் சேர்ந்தால் பணம் கிடைக்கலாம். புறநோயாளர் செலவையும் ஏற்கும் சில திட்டங்கள் உள்ளன. அவற்றில் காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நெசவாளர்களுக்கு ஒரு காலத்தில் இதில் விதிவிலக்கு இருந்தது. 2005-06ஆம் ஆண்டில் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கெனத் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 15,000 ரூபாய். அதற்குள் பல் சிகிச்சைக்கென்றே 250 ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள்! சிறு தொகைதான். ஆயினும் பல்லும் உடம்பின் உறுப்பே என்று ஒப்புக்கொண்ட தொகை அது. அத்திட்டம் இப்போது இல்லை.

இன்று தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோயும் அதில் அடங்கும். சொத்தைப் பல் அடங்காது. முரணைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் ஒரு ரூபாயும் தராத அட்டை, வாயில் புற்று வந்த பின் லட்சக்கணக்கில் தர முன்வருகிறது.

காஞ்சிக்கு அந்த நோய் புதிதன்று. இவ்வூரில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். புகையிலை மெல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்' என்று ஆறுதலடைவோர் கவனிக்க: பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துவிட்டது.

உங்கள் வாயை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடி முன் வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழையுங்கள். முன்பு நுழைந்தவை இப்போது நுழையவில்லையா? கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிகிறதா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? வலி இல்லையென்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. நாம் உண்ணும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. ஆகையால் எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை முறை தின்றோம் என்பதும் முக்கியம். தறிக்கு இடையே நாலைந்து முறை குடிக்கும் சர்க்கரைத் தேநீரும் இந்தக் கணக்கில் சேரும். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். செங்கல் தூள், கரி, சாம்பல் வேண்டா. அவை பல்லையே தேய்த்துவிடும். ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்துகிறோம். அது தவறு; அழுக்கு சேர்ந்ததால் வந்த கசிவு அது. நீரிழிவு உள்ளவர்கள் அதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

மிஸ்வாக் நம் வீடுகளில் புழங்கும் நபிவழி. உகா மரக் குச்சியின் நார்கள் பல்லின் வெளிப்புறத்தை நன்றாகவே துடைக்கின்றன. ஆனால் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளுக்கு அது எட்டுவது கடினம். குச்சியோடு தூரிகையும் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் ஸஹர் உண்டதும் அப்படியே படுத்துவிடும் பிள்ளைகளை எழுப்பித் துலக்கச் செய்யுங்கள்.

கையில் பணமில்லையே என்கிறீர்களா? காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் 1953இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து கடற்கரை நிலையம் செல்லும் மின்ரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காலையிலேயே போய்ச் சேருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.