ஜன்னல் வைத்த ஆகாயக் கப்பல்!

கண்ணால் கண்டவர்கள் சொன்னது என்ன? உண்மையில் பறந்தது என்ன?

1968-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி. அமெரிக்காவில் இரவு மணி 9¾ இருக்கும்.

டென்னசி மாநிலத்தில் மூன்று பேர் ஆகாயத்தைப் பார்த்தார்கள். திடுக்கிட்டுப் போனார்கள். சுருட்டு வடிவத்தில் ஒரு பெரிய கப்பல் பறந்து போயிற்று. அதன் பக்கத்தில் சதுர சதுரமாக ஜன்னல்கள்! உள்ளே வெளிச்சம்! சத்தமே இல்லை. "ஆயிரம் அடி உயரம்கூட இருக்காது" என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இந்தியானா மாநிலத்தில் வேறு ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். மர உச்சி உயரத்தில்தான் அது பறந்தது என்றார்கள். அவர்களுக்கும் ஜன்னல்கள் தெரிந்தன.

ஒகையோ மாநிலத்தில் ஓர் ஆசிரியை பைனாகுலர் வைத்துப் பார்த்தார். கவிழ்த்து வைத்த தட்டுகளைப் போல மூன்று பொருள்கள் தெரிந்ததாகச் சொன்னார். அவர் நான்கு பட்டங்கள் பெற்றவர்!

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பிறகு, பறந்தது என்ன?

எரிந்து விழுந்த ராக்கெட்

முந்தின நாள், ரஷ்யா "சோண்ட்-4" என்ற விண்கலத்தை அனுப்பியிருந்தது. அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் பாகம் பூமியை நோக்கித் திரும்பி விழுந்தது. காற்று மண்டலத்துக்குள் வந்ததும் சூடேறி உடைந்தது. துண்டு துண்டாக எரிந்துகொண்டே வரிசையாகப் பறந்தது.

அது பறந்த உயரம் ஆயிரம் அடி அல்ல. சுமார் 3 லட்சம் அடி!

கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு, பறக்கும் தட்டுகளைப் பற்றி ஆராய்ந்து வந்தது. அதில் இருந்த வில்லியம் ஹார்ட்மன் என்ற வானநூல் அறிஞர் இந்தச் சாட்சிகள் சொன்னதை அலசிப் பார்த்தார். பலர் சரியாகவே சொல்லியிருந்தார்கள். எரியும் துண்டுகள் போயின என்றார்கள். சிலருக்கு மட்டும் துண்டுகளுக்கு நடுவே இருந்த இருட்டு, கப்பலின் உடம்பாகத் தெரிந்தது. துண்டுகள் ஜன்னல்கள் ஆகிவிட்டன!

கண் ஏன் ஏமாறுகிறது?

தெருவில் ஒரு மாட்டு வண்டி வருகிறது. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று உடனே சொல்லிவிடலாம். வண்டி எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். பக்கத்தில் மரமும் வீடும் இருக்கின்றன.

ஆகாயத்தில் இரவில் தெரியும் ஒளிக்கு இந்தத் துணை எதுவும் கிடையாது. சின்னப் பொருள் பக்கத்தில் இருந்தாலும், பெரிய பொருள் தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பௌர்ணமி அன்று கையை நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டு விரலால் நிலவை மறைத்துப் பாருங்கள். முழு நிலவும் மறைந்துவிடும்! அந்த நிலவின் குறுக்களவு 3,474 கிலோ மீட்டர். விரலின் அகலமோ ஒரு அங்குலம்கூட இல்லை.

தூரம் தவறினால் மற்றக் கணக்கும் தவறும். 3 லட்சம் அடியை ஆயிரம் அடி என்று நினைத்தால், பொருளின் அளவும் வேகமும் 300 மடங்கு குறைந்து தெரியும். பல மைல் நீளத்துக்குச் சிதறிய நெருப்புத் துண்டுகள் ஒரே கப்பலாகத் தெரிந்தது இப்படித்தான்.

என்ன சொன்னால் உதவும்?

அப்படியானால் சாட்சி சொல்வதால் பயனே இல்லையா? உண்டு. "எவ்வளவு உயரம்? எவ்வளவு பெரியது?" என்ற கேள்விகளுக்குத்தான் கண்ணால் பதில் சொல்ல முடியாது.

மணி என்ன, எந்தத் திசையில் தோன்றி எங்கே மறைந்தது, எத்தனை விநாடி தெரிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. மூடிய கைப்பிடியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கு மேல் எத்தனை கைப்பிடி உயரத்தில் ஒளி தெரிந்தது என்று எண்ணிச் சொல்லலாம்.

தூரத்தில் உள்ள வேறோர் ஊரிலும் ஒருவர் இப்படியே குறித்திருந்தால் போதும். இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை வைத்து, ஒளியின் உண்மையான உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். எரி நட்சத்திரங்களின் உயரத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதும் இந்த முறையில்தான்.